முள் ஏறாத சார்ஜர்

திண்டுக்கல்,
ஐப்பசி, மழை விட்ட ஒரு காலை.

அன்பு மகள் தேவதர்ஷினிக்கு அம்மா எழுதுவது.

நானும் உங்கப்பாவும் இங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளை சிவபிரகாஷும் அந்தக் கால்கரி குளிரில் சளி இருமல் அண்டாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, ஒருத்தர் மேல் ஒருத்தர் எரிந்து விழாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது அபிராமி அம்மனிடம் சொல்லி வைக்கிறேன். இந்தப் பார்சலில் இட்லிப்பொடி, பருப்புப்பொடி, சுண்டைவற்றல் மூன்றையும் தனித்தனியாகக் கட்டி வைத்திருக்கிறேன், ஈரக் கரண்டியைப் போட்டு வைக்காதே, போன தடவை பூஞ்சை பிடித்ததற்குப் பொடியைக் குற்றம் சொன்னாய். சேலை சின்னாளப்பட்டிச் சுங்குடி, அரக்கு நிறம், முதல் தண்ணீரில் உப்புப் போட்டுத் தனியாக அலசு, மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டையோடு சேர்த்து மிஷினில் போட்டால் அப்புறம் நான் பொறுப்பில்லை. இங்கே மழை நன்றாகப் பிடித்திருக்கிறது, சிறுமலை நாள் முழுக்க மேகத்துக்குள்ளேயே இருக்கிறது, துணிதான் காயமாட்டேன் என்கிறது.

வாரா வாரம் வீடியோவில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். வீடியோவில் பேசினால் உங்கப்பா ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, நான் ஒன்று சொன்னால் அதற்கு நாலு திருத்தம் சொல்வார், கடைசியில் நான் சொல்ல வந்ததே மறந்து போகும். இது அவரைப் பற்றின சங்கதி, என்னைப் பற்றினதும்தான், அதனால் அவர் மார்க்கெட்டுக்குக் காய் வாங்கப் போயிருக்கிற நேரம் பார்த்து எழுத உட்கார்ந்திருக்கிறேன். அவருக்குக் கத்திரிக்காயைப் பொறுக்கி எடுக்கவே வெகுநேரம் ஆகும், அதற்குள் முடித்துவிடலாம்.

சித்திரையில் உங்கப்பாவை மதுரைக்குக் கூட்டிப்போய்க் காட்டினோமே, கண்ணில் அழுத்தம் ஏறி இடது கண் பார்வை போனது போனதுதான், மருந்து விட்டு வலது கண்ணைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள், கார் மட்டும் ஓட்ட வேண்டாம் என்று டாக்டரம்மா சொன்னது உனக்குத் தெரியும். அதற்கப்புறம் வீட்டில் நடந்ததை நான் உன்னிடம் சொல்லவில்லை, தூரத்தில் இருக்கிற பிள்ளையை எதற்குக் கலங்க வைப்பது என்று விட்டுவிட்டேன். டம்ளரை மேஜையில் வைப்பதாக நினைத்து மேஜைக்கு இந்தப் பக்கமே கையை விட்டுவிடுவார், தண்ணீர் ஊற்றினால் சொம்புக்கு வெளியே போகும். ஒரு கண்ணால் பார்க்கும்போது எது கிட்டே எது தள்ளி என்பது சட்டென்று பிடிபடாதாம், பழகப் பழகச் சரியாகும் என்றார்கள். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. காலையில் எழுந்ததும் நம் மாருதியை வழக்கம்போல் துடைப்பார், துடைத்துவிட்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பேப்பர் படிப்பார். நாற்காலி இருக்கிறதே என்று கேட்டால் இங்கதான் வெளிச்சம் என்பார். நான் காப்பியை அங்கேயே கொண்டுபோய்க் கொடுப்பேன்.

நான் சத்துணவு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருஷம் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் வாங்கினது ஞாபகம் இருக்கிறதா. நீ ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தாய், உங்கப்பா அந்த லைசென்ஸை ரெண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுப் போட்டோ நல்லா இருக்குது என்றார், அவ்வளவுதான். அன்றையிலிருந்து அது ரேஷன் கார்டுக்கு அடியில் படுத்துக் கிடக்கிறது. நான் எப்போது கேட்டாலும், நான் இருக்கறப்ப நீ எதுக்கு மலரு சிரமப்படற என்பார். கண் போனபிறகு அப்படிச் சொல்ல முடியவில்லை அல்லவா, அதனால் வண்டி பழசு, கிளட்ச் கெட்டி, உனக்கு அடங்காது என்று மாற்றிக்கொண்டார். தர்ஷினி, உன்னிடம் சொல்வதற்கு என்ன வெட்கம், எனக்கு அந்த வண்டியை ஓட்ட ஆசை. மார்கழியில் நீ மதுரையில் வந்து இறங்கும்போது உன்னைக் கூட்டிவர நானே ஓட்டிக்கொண்டு வந்து நிற்க வேண்டும் என்று ஆடி மாதத்திலிருந்தே மனசுக்குள் வைத்திருந்தேன். நீ என்னடாவென்றால் போன மாதம் போனில், அந்த ஓட்டை வண்டிய வித்துட்டு டாக்சி வச்சுக்கங்கப்பா என்று ரொம்ப சுலபமாகச் சொல்லிவிட்டாய். ஸ்பீக்கரில்தான் இருந்தது. அவர் உம் கொட்டினார், நீ சரியென்று வைத்துவிட்டாய், அன்றைக்கு முழுக்க அவர் என்னோடுகூடப் பேசவில்லை.

ஓடாமல் நின்றால் எந்த வண்டிக்கும் பேட்டரி இறங்கத்தானே செய்யும். நம் வண்டியும் சாவியைத் திருப்பினால் டக்கென்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அடங்கிப்போனது. உங்கப்பாவுக்கு அதில் ஒரு சந்தோஷம், செய்வதற்கு ஒரு வேலை கிடைத்ததே. பரணிலிருந்து சார்ஜரை இறக்கினார். உனக்குத் தெரியும் அந்தச் சாம்பல் நிற இரும்புப் பெட்டி, நம் விதைக்கடைக்கு வேன் வைத்திருந்த காலத்தில் கோயமுத்தூரில் வாங்கியது, போட்டால் வீடு முழுக்க வண்டு மாதிரி ரீங்காரம் கேட்கும், நீ பத்தாவது படிக்கும்போது அதை நிறுத்தச் சொல்லிக் கத்துவாய். அதன் நெற்றியில் வட்டமாக ஒரு மீட்டர் இருக்குமே, பேட்டரிக்குள் எவ்வளவு கரண்ட் போகிறது என்று முள் காட்டும், முள் ஏறி நின்று மெல்ல மெல்ல இறங்கினால் பேட்டரி நிறைந்துவிட்டது என்று அர்த்தம். அதைக் கொண்டுவந்து போர்ட்டிகோவில் ஸ்டூலின் மேல் வைத்தார். வைத்ததாக நினைத்தார். பாதி ஸ்டூலிலும் பாதி வெளியிலுமாக இருந்தது, கையை எடுத்ததும் முகம் குப்புற விழுந்தது. பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, மீட்டர் கண்ணாடி நொறுங்கி முள் வளைந்துவிட்டது. நான் ஓடிவந்து பார்க்கும்போது அவர் சார்ஜரைப் பார்க்கவில்லை, ஸ்டூலைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். மீட்டர் உடைந்ததற்கு வருத்தப்படுகிற ஆள் இல்லை அவர், ஸ்டூல் எங்கே முடிகிறது என்று தெரியவில்லையே என்றுதான். அன்றைக்கே வண்டி புரோக்கர் மலைச்சாமிக்குப் போன் போட்டு, ஞாயித்துக்கெழமை பார்ட்டியக் கூட்டியாங்க என்று சொல்லிவிட்டார்.

எனக்குக் கோபம் வந்ததே, சொல்லி மாளாது. மீட்டர் மட்டும்தானே உடைந்தது, பெட்டி பாடிக்கொண்டுதானே இருக்கிறது, அப்படியே சார்ஜ் போடுங்கள் என்றேன். முள்ளு இல்லாம எப்படிப் போடறது, பத்தலைன்னாலும் தெரியாது மிஞ்சுனாலும் தெரியாது என்றார். அப்படியானால் புதிதாக வாங்குவோம், இப்போது வருகிறதெல்லாம் தானாகவே நிற்கிறது, நிறைந்ததும் பச்சை விளக்கு எரிகிறதாம் என்றேன். பச்சை லைட்டு எரிஞ்சா நெறஞ்சுதுன்னு கடைக்காரன் சொல்றான், நான் பாக்க வேண்டாமா என்றார். அவரோடு வாதாடி ஜெயித்தவர்கள் திண்டுக்கல்லில் யாரும் இல்லை, உனக்கே தெரியும். கடைசியில் நான் நேராகவே கேட்டேன், பேட்டரி ஏறி வண்டி நல்லா ஓடினாலும் குடுக்கத்தான் போறீங்களா என்று. ஓடுனா பாக்கலாம், ஓடாத வண்டிய வாசல்ல நிறுத்தி வெச்சு என்ன பண்றது என்றார். எனக்கு அது போதும். ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்தப் பெட்டிக்கு ஒரு மீட்டர் வேண்டும், அம்புட்டுத்தான்.

இங்கேதான் கிணற்று மோட்டாரோடு வளர்ந்த உங்கப்பாவின் கீரனூர் மூளை வேலை செய்தது. அந்த ஊரில் உன் சித்தப்பா பொன்னழகு தோட்டத்தில் பழைய மோட்டார் ஸ்டார்டர் பெட்டி ஒன்று கழற்றிக் கிடக்கிறதாம், அதில் நல்ல ஆம்ப்ஸ் மீட்டர் இருக்கிறதாம். போன் போட்ட மறுநாளே சித்தப்பா பஸ்ஸில் கொடுத்தனுப்பிவிட்டார், பெரிய சதுர மீட்டர், சோப்பு டப்பா அகலம். உங்கப்பாவுக்கு அதைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. கிணற்று மோட்டாரில் அந்த முள் நிற்கிற இடத்தைப் பார்த்தே தண்ணீர் இருக்கிறதா காற்றை இழுக்கிறதா என்று சொல்லிவிடுவார்களாம், கெணத்து மீட்டரு என்னைக்கும் பொய் சொல்லாது என்றார். பெட்டியில் இருந்த ஓட்டைக்கும் அதற்கும் பொருந்தவில்லை, வெளியே தொங்கவிட்டு வயரைக் கட்டி, சிவப்புக் கிளிப்பையும் கறுப்புக் கிளிப்பையும் வண்டியிலிருந்து இறக்கி வைத்திருந்த பேட்டரியில் மாட்டி, சுவிட்சைப் போட்டார். பெட்டி பாடியது. முள் அசைந்ததா இல்லையா என்றே தெரியவில்லை. தட்டிப் பார்த்தார், கிளிப்பைத் தேய்த்து மாட்டினார், டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினார், முள் படுத்த படுக்கையாகவே கிடந்தது. பேட்டரி கரண்ட்ட வாங்க மாட்டேங்குது மலரு, செத்துப்போச்சு என்றார். போன தீபாவளிக்கு வாங்கின பேட்டரி அதற்குள் எப்படிச் சாகும் என்றேன். நாமளே எப்பப் படுக்கறோம்னு தெரியல, பேட்டரியச் சொல்ற என்றார். வண்டியில் மாட்டித்தான் பார்ப்போமே என்றதற்கு, முள்ளு ஏறாத பேட்டரியத் தூக்கிச் சுமக்கறது வீண் என்றார். இருந்தாலும் சுவிட்சை அணைக்கவில்லை, மனசுக்குள் எங்கேயோ ஒரு நப்பாசை, சாயங்காலம் வரைக்கும் கெடக்கட்டும் என்று விட்டுவிட்டுப் போய்ப் படுத்தார். மத்தியானச் சாப்பாட்டில் பாதி அப்படியே இருந்தது, அவருக்குப் பிடித்த மொச்சைக் குழம்பு வேறு.

நான் பாத்திரம் கழுவிவிட்டு ஈரத்துணியைப் போடப் போர்ட்டிகோவுக்கு வந்தேன். பெட்டி பாடுகிற சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம். எனக்கு அந்தச் சத்தம் தெரியாதா, அத்தனை வருஷம் பிள்ளைகளுக்குச் சோறு பொங்கிப்போட்டவள், உலை கொதிக்கப் போகிறதற்கு முன்னால் அடியிலிருந்து ஒவ்வொன்றாகக் கிளம்புமே, அந்த மாதிரி. பேட்டரியின் மூடிகளைத் திறந்துதான் வைத்திருந்தார், எட்ட நின்று பார்த்தேன், உள்ளே சின்னச் சின்னதாகக் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. சுவிட்சை அணைத்துவிட்டுப் பேட்டரியின் பக்கவாட்டில் கையை வைத்தால் லேசான சூடு. செத்துப்போன பேட்டரி எப்படிச் சுடும். அப்புறம் அந்தக் கிணற்று மீட்டரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன், கோடு முப்பது வரைக்கும் போகிறது, அடியில் ஐந்து வரைக்கும் உள்ள இடம் ஒரு விரல் நகம் அளவுகூட இல்லை, எல்லாவற்றையும் நெருக்கி வைத்திருக்கிறார்கள். உடைந்த பழைய மீட்டரை எடுத்து வைத்துப் பார்த்தேன், அதில் மொத்தமே பத்துதான், ஒன்று, ரெண்டு, மூன்று என்று ஒவ்வொன்றுக்கும் தாராளமாக இடம் விட்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது தர்ஷினி. சத்துணவுக் கூடத்தில் அரிசி மூட்டை நிறுக்கிற தராசில் பெருங்காயத்தை வைத்தால் அது என்ன காட்டும், அந்தக் கதைதான். கிணற்று மோட்டார் இழுக்கிற கரண்டுக்கு இந்தச் சின்னப் பேட்டரி குடிக்கிறது எந்த மூலைக்கு. அவர் சொன்ன மாதிரி மீட்டர் பொய் சொல்லவில்லை, அதற்கு இதெல்லாம் ஒரு கணக்கே இல்லை.

எழுப்பினேன். எழுந்து உட்கார்ந்தவரிடம், ஏங்க, பேட்டரி குடிச்சிக்கிட்டுத்தான் இருக்கு, உங்க கெணத்து மீட்டருக்குத்தான் கண்ணு தெரியல என்று சொல்லிவிட்டேன். சொன்னபிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது, நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் எழுந்துவந்து பேட்டரியைத் தொட்டார், மீட்டரை வலது கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார், பழையதையும் பார்த்தார். முப்பதா என்றார். ஆமாம் என்றேன். கெணத்து நெனப்புலயே இருந்துட்டேன் என்று சொல்லிச் சட்டையை மாட்டிக்கொண்டு, வா போலாம் என்றார். பாதி விட்ட சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் போவோம் என்றேன், சாப்பிட்டார்.

பேகம்பூரில் சைதூன் கடை இருக்கிறது, பழைய மோட்டார், பேன், சுவிட்சு போர்டு எல்லாம் உடைத்து விற்கிற கடை, அவள் மகள் உன்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள், சைதூன் உன்னைக் கேட்டாள், குழந்தை உண்டா என்றும் கேட்டாள், நான் அதெல்லாம் வரும்போது வரும் என்றேன். அங்கே ஒரு பெரிய ட்ரே முழுக்க மீட்டர் கிடந்தது, உங்கப்பா முன்னால் அதைக் கொட்டியது தப்பாகப் போயிற்று, ஒவ்வொன்றாக எடுத்து ஆட்டிப் பார்க்கிறார், காதில் வைத்துப் பார்க்கிறார், கத்திரிக்காய் பொறுக்குகிற அதே ஆள்தான். அண்ணே, பொண்ணு பாக்க வந்த மாதிரில்ல பாக்குறீக என்று சைதூன் சொன்னதும் கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து எத்தனை நாளாயிற்று. பத்து வரைக்கும் உள்ள ஒன்று கிடைத்தது, வட்டமானது, பழையதைவிடக் கொஞ்சம் சின்னது. டீ குடிக்காமல் சைதூன் விடவில்லை.

சனிக்கிழமை காலையில் மாட்டினோம். பின்னால் ரெண்டு போல்ட், ரெண்டு நட்டு, அந்த வேலை ஒன்றும் பெரிதில்லை, ஆனால் நட்டைப் போல்ட்டின் நுனியில் வைப்பதற்குள் அவர் கையிலிருந்து ரெண்டு தடவை விழுந்துவிட்டது. மூன்றாம் தடவை விழுவதற்கு முன்னால் அவரே என் கையில் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். நீ பண்ணு, நான் சொல்றேன் என்றார். பழைய ஓட்டை பெரிது, புது மீட்டர் உள்ளே விழுந்துவிடும், அதற்கு ஊறுகாய் டப்பாவின் சிவப்பு மூடியை எடுத்துக் கத்தியைச் சுடவைத்து நடுவில் வட்டமாக வெட்டி வைத்தேன், பொட்டு வைத்த மாதிரி கச்சிதமாக உட்கார்ந்தது. அப்புறம் சிவப்பு வயர் இடது பக்கம் என்றார், இடது பக்கம் மாட்டினேன். சுவிட்சைப் போட்டால் முள் பின்பக்கமாக ஓடிப்போய் முட்டிக்கொண்டு நிற்கிறது, ஆப் பண்ணு ஆப் பண்ணு என்று கத்துகிறார். அவர் முன்னால் உட்கார்ந்து அவருடைய இடதைச் சொல்லியிருக்கிறார், நான் பெட்டிக்குப் பின்னால் இருந்து என்னுடைய இடதில் மாட்டியிருக்கிறேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து இதே கதைதான். வயரை மாற்றிப் போட்டு மறுபடி சுவிட்சைத் தட்டினேன். முள் அழகாக எழுந்து வந்து மூன்றுகிட்டே நின்றது. நான் கையைத் தட்டிவிட்டேன், பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

மூன்றுக்கு மேலே இருக்கிறது என்று நான் சொன்னேன். இல்ல, மூணுக்கு ஒரு நூலு கீழ என்றார். நான் விடவில்லை. இங்க வா, எனக்கு நேரா உக்காரு, ஒரு கண்ண மூடிட்டுப் பாரு என்றார். மூடிக்கொண்டு பார்த்தேன், அவர் சொன்னதுதான் சரி, ஒரு நூல் கீழே. ரெண்டு கண்ணாலும் பார்த்தால் முள்ளுக்கும் கோட்டுக்கும் நடுவில் இடம் ஏமாற்றிவிடுமாம், மீட்டர் பார்க்கத் தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரு கண்ணை மூடித்தான் பார்ப்பார்களாம். அதைச் சொல்லிவிட்டு, எனக்கு மூடற வேலையும் மிச்சம் என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார் தர்ஷினி. கண்ணைப் பற்றி அந்த மனுஷன் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அதுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது, அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். அன்றைக்கு முழுக்க நாற்காலியைப் போட்டுக்கொண்டு சார்ஜருக்குக் காவல் இருந்தார், ரெண்டரை, ரெண்டு என்று சமையல்கட்டுக்குக் கேட்கிற மாதிரி கத்திச் சொல்லிக்கொண்டே இருந்தார். சாயங்காலம் முள் ஒன்றுக்கு வந்ததும் அணைத்துவிட்டு ரெண்டு பேருமாகப் பேட்டரியைத் தூக்கி வண்டியில் வைத்தோம், நான் நட்டை முடுக்கினேன், அவர் சாவியைத் திருப்பினார், ஒரே திருப்பில் எழுந்துவிட்டது. செத்த நேரம் ஓடவிட்டு அணைத்தார். நாளைக்கு என்ன செய்யப் போகிறார் என்பது மட்டும் எனக்குப் பிடிபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. சாம்பாரை வைத்துவிட்டேன், தொட்டுக்கொள்ள வெஞ்சனம் வைக்க மறந்தே போனேன். மலைச்சாமி சின்னாளப்பட்டிச் சேலை வியாபாரி ஒருவரைக் கூட்டிக்கொண்டு சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார், நல்ல மனுஷர், சேலைக் கட்டுகளைக் கடைகடையாகக் கொண்டுபோய்ப் போட ஒரு சின்ன வண்டி வேண்டுமாம். சுற்றிப் பார்த்தார், கதவைத் திறந்து மூடினார், பழசானாலும் கோயில் தேரு மாதிரி வச்சிருக்கீங்க என்றார். ஓட்டிப் பார்க்கலாமா என்றார். குடுங்கண்ணே, நான் எடுக்கிறேன் என்று மலைச்சாமி கையை நீட்டினார். உங்கப்பா சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு கொஞ்சம் நின்றார், அப்புறம் என் பக்கம் திரும்பி, மலரு, நீ எடு என்றார்.

கையெல்லாம் மஞ்சள்தூள், வீட்டுச் சேலை, தலைகூட வாரவில்லை. ரேஷன் கார்டுக்கு அடியிலிருந்து லைசென்ஸை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். உங்கப்பா பக்கத்தில், அவர்கள் ரெண்டு பேரும் பின்னால். தெருவைத் தாண்டுகிற வரைக்கும் முதல் கியரை விட்டு மாற்றவில்லை. ரவுண்ட் ரோட்டில் நன்றாகத்தான் போனேன், மூன்றாவது கியர்கூடப் போட்டேன். முக்கில் திரும்பும்போது எதிரே ஆட்டோ வந்ததில் பதறிப்போய்க் கிளட்சை விட்டுவிட்டேன், வண்டி குலுங்கி நடுரோட்டில் நின்றுவிட்டது. பின்னால் பஸ், அவன் ஹாரன் அடிக்கிற அடியில் எனக்குக் காது அடைத்துவிட்டது. அந்த நேரத்தில் பேட்டரி கைவிட்டிருந்தால் அதோடு என் கதை முடிந்தது, அப்புறம் உங்கப்பாவே கொடுத்தாலும் நான் ஸ்டியரிங்கைத் தொட்டிருக்க மாட்டேன். பின்னாலிருந்து மலைச்சாமி, இறங்குங்கக்கா நான் எடுக்கிறேன் என்றார். உங்கப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அவன் அடிச்சா அடிச்சுட்டுப் போறான், நீ நியூட்ரலுக்குக் கொண்டா, சாவியத் திருப்பு என்று மெதுவாகச் சொன்னார். திருப்பினேன். ஒரே திருப்பு, எழுந்துவிட்டது. பேட்டரியப் பாத்தீங்களா என்று பின்னால் இருந்தவர்களிடம் பெருமையாகக் கேட்டார்.

வீட்டுக்கு வந்து இறங்கியதும் சேலை வியாபாரி எனக்கு வண்டி பிடிச்சிருக்கு, பேசி முடிச்சிரலாம் என்றார். உங்கப்பா என் கையிலிருந்த சாவியை வாங்கவில்லை. கோவிச்சுக்காதீங்க, ஓட்டற ஆளு வூட்லயே இருக்கறப்ப வண்டிய எதுக்குங்க குடுக்கறது என்றார். மலைச்சாமிக்கு முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே, அப்புறம் எதுக்குண்ணே ஞாயித்துக்கிழமையும் அதுவுமா எங்கள வரச் சொன்னீங்க என்றார். அதற்கு உங்கப்பா, காப்பி சாப்ட்டுப் போலாம் வாங்க என்றார். வெஞ்சனம் இல்லாத சாம்பாரை வைத்துக்கொண்டு நான் அவர்களுக்கு இட்லியே போட்டுவிட்டேன், வியாபாரி ரெண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். உனக்கு வருகிற அரக்குச் சேலை அவர் கடையில் எடுத்ததுதான், வண்டி கொடுக்காத குறைக்கு அதையாவது வாங்குவோம் என்று போன வாரம் போயிருந்தோம். நான்தான் ஓட்டிப் போனேன்.

அடுத்த வாரம் கிணற்று மீட்டரைத் திருப்பிக் கொடுக்கக் கீரனூருக்குப் போகிறோம், அவ்வளவு தூரம் நான் ஓட்டுவது இதுதான் முதல் தடவை, வருகிற வழியில் ஆயக்குடியில் நிறுத்திக் கொய்யா வாங்க வேண்டும். பார்சலில் கொய்யா அனுப்ப முடியாது, நீ வரும்போது சாப்பிடலாம். அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் அவருக்குத் தெரிகிற வலது கண் சரியாக என் பக்கம் இருக்கிறது, அதனால் நான் செய்கிற ஒரு தப்பும் தப்பிப்பதில்லை, மூன்றாவது போடு, ரெண்டாவதுக்கு வா, கிளட்ச் மேலயே காலை வெக்காதே என்று வழி முழுக்கப் பாடம். அவர் பேசாமல் இருந்ததைவிட இது எவ்வளவோ மேல், பேசிக்கொண்டே வரட்டும். டம்ளரை இப்போதெல்லாம் ஒரு விரலால் மேஜை விளிம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு வைக்கிறார், அவரே கண்டுபிடித்த வழி, தண்ணீர் கொட்டுவது நின்றுவிட்டது. நீயும் அந்த ஊர்க் குளிரில் எஞ்சின் உறையாமல் இருக்க வண்டியை ராத்திரி கரண்டில் மாட்டி வைக்க மறந்துவிடாதே, மாப்பிள்ளை மாட்டியிருப்பார் என்று நீயும், நீ மாட்டியிருப்பாய் என்று அவரும் தூங்கிவிடாதீர்கள். கண் மருந்து நான்தான் விடுகிறேன், ஒரு வேளையும் தவறவில்லை. வண்டியை வித்துருங்க என்று இனிமேல் ஸ்பீக்கரில் சொல்லாதே, சொல்ல வேண்டும் என்று தோன்றினால் என்னிடம் தனியாகச் சொல், நான் கேட்டுக்கொள்கிறேன், விற்க மாட்டேன்.

இதோ வந்துவிட்டார், கத்திரிக்காயோடு. யாருக்கு இவ்வளவு எழுதற என்று கேட்டார், பொடி எப்படிப் போடுவது என்று தர்ஷினிக்கு எழுதுகிறேன் என்றேன். பொடிக்கு இத்தன பக்கமா என்று சொல்லிவிட்டுச் சார்ஜரைப் பரணில் வைக்கப் போனார், விளிம்பைத் தொட்டுப் பார்த்துச் சரியாகத்தான் வைத்தார். நீங்கள் ரெண்டு பேரும் நோய் நொடி இல்லாமல், கை நிறைய வேலையும் மனசு நிறையச் சிரிப்புமாக நீண்ட காலம் இருக்க வேண்டும். மாப்பிள்ளையின் அப்பா அம்மாவிடம் மறக்காமல் பேசு. மார்கழியில் வரும்போது டாக்சி எதுவும் பதிவு செய்யாதே, அதை ரெண்டு தடவை சொல்கிறேன், பதிவு செய்யாதே.

பரணிலிருந்து இறங்கி வந்தவர் என்னவோ நினைத்துக்கொண்டு, எழுதறது எழுதற, இதையும் சேத்து எழுதிரு என்றார். ஏர்போர்ட்ல வெளிய வந்ததும் டிரைவர் சீட்டுல அவ என்னையத் தேட வேண்டாம், பக்கத்து சீட்டுல இருப்பேன்னு எழுது என்றார்.

எழுதிவிட்டேன்.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்
அம்மா,
பெ. மலர்விழி